மணிமேகலை எங்கே போனாள்?

வாசகி கேள்வி: எனக்கு வயது 49. திருச்சியில் அரசு வேலை. 1950-களில் என் தாத்தா ‘கல்கி’ இதழிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த ‘பொன்னியின் செல்வ’னைப் பன்னிரண்டு வயதில் படித்தேன். அதன்பின் எத்தனை முறை என்று கணக்கில்லை. தி. ஜானகிராமனும் ஜெயகாந்தனும் பிறகு வந்தார்கள். சினிமாவும் பிடிக்கும். ‘உதிரிப்பூக்கள்’, ‘முள்ளும் மலரும்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ மூன்றையும் எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் நான் படித்த நாவல் படமாக வந்தால் மட்டும் உடம்பெல்லாம் எரிகிறது. ‘பொன்னியின் செல்வன்’ முதல் படத்துக்கு மகளோடு போனேன். ஏரிக்கரையில் தொடங்க வேண்டிய கதை போர்க்களத்தில் தொடங்கியது. “இது கதையில் இல்லை” என்று அங்கே வாயைத் திறந்த நான் இடைவேளை வரை மூடவில்லை. நாவலில் வந்தியத்தேவனை விரும்பும் கடம்பூர் மாளிகைப் பெண் மணிமேகலையே இரண்டாம் படத்தில் இல்லை என்று தெரிந்ததும் தியேட்டரிலேயே அழுதுவிட்டேன். அன்றிலிருந்து மகள் என்னோடு படத்துக்கு வருவதில்லை. அப்போது பிளஸ் டூ படித்தாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. படம் பார்த்த சூட்டில் முதல் பாகத்தை எடுத்தவள் அறுபது பக்கத்தோடு வைத்துவிட்டாள். தவறு என் மேலா, படத்தின் மேலா? படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா? கடைசியாக ஒன்று: தாத்தாவின் பைண்டு புத்தகம் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்கிறது. என்ன செய்யலாம்?

நூலகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை முழுக்க உங்கள் பக்கம் இருந்தேன். இரண்டாம் முறை, உங்களுக்குப் பிடித்த அந்த மூன்று படங்களின் பெயரில் கண் நின்றது. கட்சி மாறிவிட்டேன்.

மூன்றுமே எழுத்திலிருந்து வந்த படங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. ‘முள்ளும் மலரும்’ கல்கி வெள்ளி விழாப் போட்டியில் பரிசு வாங்கிய உமாசந்திரனின் நாவல். ‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் முளைத்தது. இவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததாக நீங்கள் எழுதவில்லை. படித்திருந்தால் எழுதாமல் விட்டிருக்க மாட்டீர்கள் என்பது என் கணிப்பு.

‘சிற்றன்னை’ சின்னப் புத்தகம். ஒரு மாலையில் முடித்துவிடலாம். மனைவியை இழந்த படித்த மனிதர் ஒருவர் இரண்டாந்தாரம் கட்டுகிறார். வீட்டுக்கு வந்த இளம்பெண்ணுக்கும் மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கும் இடையே நடப்பதுதான் கதை. படித்துவிட்டு ‘உதிரிப்பூக்க’ளை மறுபடி போட்டுப் பாருங்கள். சுந்தரவடிவேலு என்ற பெயர் இருக்கும். தாயில்லாத பிள்ளைகள் இருப்பார்கள். ஊரே திரண்டு அவனை ஆற்றில் இறங்கச் சொல்லும் அந்தக் கடைசிக் காட்சியைப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஆறே கிடைக்காது. நீங்கள் எந்தக் காட்சிக்காக அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்களோ, அது முழுக்க இயக்குநர் மகேந்திரனின் சரக்கு. புதுமைப்பித்தனிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது, அந்தப் பிள்ளைகள் நிற்கிற நிலையை மட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீதியை வேறு ஊரில் வேறு மண்ணில் ஊன்றிவிட்டார். மணிமேகலையைத் தூக்கியது குற்றம் என்றால், மகேந்திரன் செய்ததற்கு என்ன தண்டனை கொடுப்பீர்கள்? பதினைந்து வயதில் ‘சிற்றன்னை’யைப் படித்து மனப்பாடமாக வைத்திருந்த ஒருத்தி 1979-இல் அந்தப் படத்துக்குப் போயிருந்தால், இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்திருப்பாள். அவள் நீங்களாக இல்லாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆக, எதை முதலில் பார்த்தோம் என்பதில்தான் கோபத்தின் பாதி இருக்கிறது. முதலில் வந்தவருக்கு நாற்காலி கொடுத்துவிடுகிறோம். பின்னால் வந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் நின்றுகொண்டுதான் பேச வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மனத்தில் இருக்கும் குந்தவையை வரைந்தது யார்? கல்கி என்பீர்கள். தாத்தாவின் புத்தகத்தைப் பதமாகத் திறந்து பாருங்கள். அதில் இருப்பவை ஓவியர் மணியத்தின் படங்கள். கல்கி எத்தனை வரிகளில் வர்ணித்திருந்தாலும், கண்ணை மூடினால் உங்களுக்கு வருவது மணியம் போட்ட கொண்டையும் மணியம் போட்ட கண்ணும்தான். கல்கியின் எழுத்தை முதலில் படித்து, தான் கண்டதைக் கோட்டில் போட்ட வாசகர் அவர். அந்தப் படத்தை ஒரு நாளும் நீங்கள் “இது கதையில் இல்லை” என்று சொன்னதில்லை. ஏனென்றால் எழுத்தும் படமும் ஒரே நாளில் உங்களிடம் வந்து சேர்ந்தன. மணிரத்னம் செய்ததும் மணியம் செய்த வேலைதான். என்ன, உங்கள் வீட்டுக்கு முப்பத்து நான்கு வருடம் பிந்தி வந்தார். அதற்குள் சுவரில் இடமில்லை.

போர்க்களத் தொடக்கத்தைப் பற்றி: எனக்கும் ஏரிக்கரைதான் பிடிக்கும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரி, அலுத்த குதிரை, அலுக்காத வாலிபன். தமிழில் இவ்வளவு நிதானமாக வாசகனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகிற முதல் அத்தியாயம் அதிகம் இல்லை. ஆனால் அந்த நிதானம் வாரப் பத்திரிகையின் நிதானம். 1950-இல் தொடங்கி 1954 வரை கல்கியின் கையில் காலம் இருந்தது. அடுத்த வாரம் வாசகன் வருவான் என்று தெரியும். படங்கள் இரண்டும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். ஐந்து பாகத்தை அதற்குள் அடைக்க உட்கார்ந்தால், ஏரிக்கரையைக் காட்டவே நேரம் போய்விடும். யாரையாவது படகிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். மணிமேகலையை இறக்கியது சரியா என்றால், சரியில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எழுதியவரே தன் கதையை மாற்றினால் என்ன செய்வீர்கள்? ஜெயகாந்தனைப் படித்தவர் நீங்கள். ‘அக்கினிப் பிரவேசம்’ நினைவிருக்கும். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. மழையில் காரில் ஏறிய பெண் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய சண்டையைக் கிளப்பியது என்பதை எங்கள் நூலகத்துக்கு வரும் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு ஜெயகாந்தனே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ எழுதினார். அதற்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1977-இல் அதைப் பீம்சிங் படமாக எடுத்தபோது திரைக்கதையும் ஜெயகாந்தன்தான். ஒரே பெண்ணுக்கு ஒரே எழுத்தாளர் இரண்டு தலையெழுத்து எழுதியிருக்கிறார். நாவலில் அவள் பெயர் கங்கா. எது உண்மையான கங்கா? எனக்கு அந்தச் சிறுகதையின் அம்மாவைத்தான் அதிகம் பிடிக்கும். நாவல் பெரியது, ஆனால் அந்த ஒரு குடம் தண்ணீருக்கு ஈடு அதில் இல்லை. உங்களுக்கு வேறாக இருக்கலாம். எழுதி அனுப்புங்கள், சண்டை போடலாம்.

இதையெல்லாம் சொல்வதால், படம் எடுப்பவர்கள் என்ன செய்தாலும் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்வதாக எண்ணாதீர்கள். கோபம் வேண்டும். ஆனால் கோபத்துக்கு முகவரி சரியாக இருக்க வேண்டும்.

ஆர்.கே. நாராயண் 1958-இல் எழுதிய ‘தி கைட்’ நாவலில் ராஜு என்றொருவன். சுற்றுலா வழிகாட்டியாக இருந்து, சிறைக்குப் போய் வந்து, ஒரு பாழடைந்த கோயிலில் உட்கார்ந்தவனை ஊர் சாமியார் என்று நம்பிவிடுகிறது. மழை வேண்டி உண்ணாவிரதம் இருக்க வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொள்கிறான். கடைசிப் பக்கத்தில், பட்டினியில் துவண்டவனை இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஆற்றில் நிற்கிறான். மலையில் மழை பெய்கிறது, காலில் ஏறி வருவது தெரிகிறது என்று சொல்லிச் சாய்கிறான். அவ்வளவுதான். மழை வந்ததா, அவனுக்குத் தோன்றியதா? செத்தானா, மயங்கினானா? நாராயண் சொல்லவில்லை. 1965-இல் வந்த இந்திப் படத்தில் வானம் பொத்துக்கொண்டு கொட்டுகிறது. மால்குடி என்ற தென்னாட்டுச் சிற்றூர் ராஜஸ்தானுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நாராயணுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தனியாகக் கட்டுரையே எழுதிக் கிண்டலடித்தார்.

ஊர் மாறியதை நான் மன்னிப்பேன். மகேந்திரனுக்கு மன்னித்தாயிற்று, இவர்களுக்கு ஏன் கூடாது? மழையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுத்தாளர் நம் கையில் ஒரு சந்தேகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். படம் அதைப் பிடுங்கிக்கொண்டு பதிலைக் கொடுத்துவிட்டது. நனைந்து வெளியே வருகிறவனுக்கு யோசிக்க எதுவும் மிச்சமில்லை. படம் ஓடியது, பாட்டுகள் இன்றும் ஓடுகின்றன, நானும் ரசித்தவன்தான். இருந்தாலும் போனது போனதுதான்.

தியேட்டரில் “இது கதையில் இல்லை” என்று நீங்கள் சொன்னபோது மகளுக்கு அலுத்தது. இதைக் கேட்டிருந்தால் அலுத்திருக்காது: மணிமேகலை இல்லாததால் என்ன போயிற்று? நான் சொல்கிறேன். அந்த நாவலில் எல்லோருக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. அரியணை, பழி, ராஜ்யம், குலம். கணக்கே இல்லாமல் ஒருவனை விரும்பிய பெண் அவள். எல்லோரும் மகுடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் ஒருத்தி வந்தியத்தேவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் இல்லாமல் போனதும் வந்தியத்தேவனுக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது. தொடங்கியபோது எவ்வளவு சிரித்தானோ அவ்வளவே சிரித்துக்கொண்டு படத்தை முடிக்கிறான். இதுதான் என் புகார். பெயரைக் காணோம் என்பதைவிட இது கனமான புகார் என்று நினைக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இதைச் சொல்லியிருந்தால், உங்கள் மகள் இரண்டு நிமிடமாவது உங்களோடு வாதம் செய்திருப்பாள்.

இப்போது அந்த அறுபது பக்கம்.

ஓய்வு பெறுவதற்கு முன், படம் வந்த மாதங்களில் எங்கள் கிளை நூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ அலமாரியில் தங்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்தும் சீட்டு ஒட்டியிருப்போம் அல்லவா? முதல் பாகத்தில் ஒரு சீட்டு நிரம்பி அதன்மேல் இன்னொன்று ஒட்டினேன், அதுவும் நிரம்பியது. இரண்டாம் பாகத்தில் பாதிச் சீட்டு. ஐந்தாம் பாகத்தில் ஏழெட்டு முத்திரைகள். ஆனால் அந்த ஏழெட்டுப் பேரும் ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு “வேறென்ன இருக்கிறது?” என்று கேட்டவர்கள். அதில் இரண்டு பேர் மெக்கானிக் கடைப் பையன்கள். அவர்கள் யாரும் படம் பார்ப்பதற்கு முன் கல்கியின் ஒரு வரி படித்ததில்லை. ஆகவே பார்த்துவிட்டுப் படிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அந்தச் சீட்டைக் காட்டுவேன்.

உங்கள் மகள் நின்ற இடம் கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கும். அந்தப் பகுதியைப் படமும் ஏறக்குறைய அப்படியே காட்டியது. தெரிந்ததையே மெதுவாகப் படிக்கிறோமே என்று தோன்றியிருக்கும். போதாக்குறைக்கு வீட்டில் நடமாடும் உரையாசிரியர் ஒருவர் வேறு. “இனிமேல்தான் இருக்கிறது, நந்தினி யார் தெரியுமா?” என்று ஒரு நாளாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். நானே அந்தக் குற்றவாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், துப்பறியும் நாவல் ஒன்றை எடுக்க வந்த ரயில்வே ஊழியரிடம் உற்சாகத்தில், “அந்தச் சமையல்காரன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அதன்பின் முப்பது வருடம், “எப்படி இருக்கும்?” என்று யார் கேட்டாலும் “நன்றாக இருக்கும்” என்பதற்குமேல் பேசியதில்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி. கதையின் முடிவில் படம் வேறு பாதையில் போயிற்று. மதுராந்தகன் விஷயத்தில் கல்கி ஒளித்து வைத்திருந்த வெடி ஒன்றைப் படம் கொளுத்தவே இல்லை. அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன். படம் மட்டும் பார்த்தவர்களும் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள். உங்கள் மகளுக்கு அந்த வெடியும் மணிமேகலையும் இன்னும் புத்தம் புதிதாக மிச்சம் இருக்கின்றன. வாயைத் திறந்து அதையும் கெடுத்துவிடாதீர்கள்.

ஐந்து பாகத்தை மறுபடி அவள் மேசையில் வைக்கவும் வேண்டாம். ‘அசுரன்’ பார்த்திருப்பாள். அதன் மூலமான பூமணியின் ‘வெக்கை’யை எடுத்து வையுங்கள். சிறிய நாவல். கொலை செய்துவிட்டு ஓடும் பையனும் அவன் அப்பாவும் காட்டில் கழிக்கும் நாட்கள்தான் மொத்தமும். படத்தில் இத்தனை பெரிதாக வளர்ந்த தந்தையின் முன்கதையைத் தேடிக்கொண்டு போகிறவருக்கு, அங்கே கிழங்கு சுடுவதும் தண்ணீர் தேடுவதும் எந்தப் பாறை மறைவில் படுப்பது என்ற யோசனையும்தான் கிடைக்கும். கடைசியில் படிப்பைப் பற்றித் தனுஷ் பேசும் பேச்சு நாவலில் கிடையாது. அது நல்ல பேச்சா, ஒட்டவைத்த பேச்சா என்று அவளைக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் உங்களுக்குக் கஷ்டம்.

எது முதலில் என்ற கேள்விக்கு, எல்லோருக்கும் பொருந்துகிற பதில் என்னிடம் இல்லை. முடிச்சு அவிழ்வதில் சுவை இருக்கிற நாவல் என்றால் படித்துவிட்டுப் போவது லாபம். நடையில் சுவை இருக்கிற நாவலுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை ஞான ராஜசேகரன் 1995-இல் எடுத்தார், மரியாதையோடு எடுத்த படம். பாபு வருகிறான், யமுனா வருகிறாள், இளையராஜாவின் இசையில், பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவின் உலகம் கொஞ்சம் கேட்கவும் செய்கிறது. ஆனால் கும்பகோணத்துத் தெருவில் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவதைத் தி.ஜா. எழுதும்போது ஏற்படுகிற கிறக்கத்தை எந்தக் கேமராவாலும் எடுக்க முடியாது. அதனால் படத்தைப் பார்த்துவிட்டுப் படித்தாலும் உங்களுக்கு ஒன்றும் குறையாது. உங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு மருந்துச்சீட்டு: அடுத்த ஆறு மாதத்துக்கு, நீங்கள் படிக்காத நாவலிலிருந்து வந்த படத்தையே பாருங்கள். பார்த்த பிறகு மூலத்தைத் தேடிப் படியுங்கள். ‘சிற்றன்னை’யில் தொடங்கலாம். படம்தான் உசத்தி, புத்தகம் ஒரு மாற்றுக் குறைவு என்று ஒரு முறையாவது உங்களுக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தாத்தாவின் புத்தகத்துக்கு வருகிறேன். என் தொழிலுக்கு உரிய கேள்வி இதுதான்.

அந்தக் கால வாரப் பத்திரிகைகளின் தாள் மலிவான மரக்கூழில் செய்தது. காற்றும் வெளிச்சமும் படப்பட அதற்குள்ளேயே அமிலம் ஊறி, பழுத்து, நொறுங்கும். நிறுத்த முடியாது; மெதுவாக்கலாம். கிழிசலில் செல்லோடேப் ஒட்டியிருந்தால் இனிமேலாவது ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பரணில் வைக்காதீர்கள், கோடையில் அங்கே அடுப்பு மாதிரி இருக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, பீரோவின் நடுத்தட்டில் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் பாரத்தில் முதுகு கழன்றுவிடும். ஆசையில் மறுபடி பைண்டு செய்யக் கொடுத்துவிடாதீர்கள். ஓரத்தை நேராக்குகிறேன் என்று வெட்டுக் கத்தியில் வைப்பார்கள். பொடியாகாமல் மிச்சமிருக்கும் எழுத்தும் அதோடு போய்விடும்.

அதற்கெல்லாம் முன், மணியத்தின் படங்கள் உள்ள பக்கங்களையாவது கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். புத்தகத்தை முழுக்க விரித்து அழுத்தினால் முதுகு ஒடிந்துவிடும். பாதி திறந்த நிலையில் ஒருவர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர்தான் எடுக்க வேண்டும். தனியாகச் செய்ய முடியாது. பிடிப்பது நீங்களாக இருங்கள், கைப்பேசி மகளிடம் இருக்கட்டும். படத்தில் இருப்பது யார் என்று அவள் கேட்பாள். மணிமேகலை வந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள்.